மஞ்சள் விளக்கு யாருக்காக எரிகிறது? - செக் இன்ஜின் லைட்டின் வரலாறு



பி.காம் படிக்கிறவனுக்கு இன்ஜினைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பதிவின் கடைசிப் பகுதிக்கு வரும்போது, இது மெக்கானிக்கல் பசங்களின் பாடத்தை விட எங்கள் வணிகச் சட்டப் பாடத்துக்குத்தான் நெருக்கம் என்று ஒத்துக்கொள்வீர்கள் :-)

காரில் சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் ஒரு கூட்டம் விளக்குகள் எரியும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் எல்லாம் அணைந்துவிடும். அதில் மஞ்சள் நிறத்தில், சின்ன இன்ஜின் படம் போட்ட விளக்கு ஒன்று உண்டு. அதுதான் செக் இன்ஜின் லைட். வண்டி ஓடும்போது அது எரிந்தால் நம் ஆட்கள் மூன்று வகையாகப் பிரிவார்கள். முதல் வகை, உடனே ஓரங்கட்டி பானெட்டைத் திறந்து பார்த்து, ஒன்றும் புரியாமல் மறுபடி மூடுவது. இரண்டாம் வகை, "வண்டி ஓடுதுல்ல, விடு" என்று அடுத்த சர்வீஸ் வரை ஓட்டுவது. மூன்றாம் வகை, விளக்கின் மேலேயே ஒரு சாமி ஸ்டிக்கரை ஒட்டிவிடுவது!

விளக்கு எரிகிறது என்றால் வண்டியின் கம்ப்யூட்டரில் ஒரு கோட் பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதில் ஸ்கேனரைச் செருகினால் பி0301, பி0171 என்று ஐந்தெழுத்தில் ஏதாவது வரும். மெக்கானிக்குக்கு வேலை சுலபமாகட்டும் என்று கார் கம்பெனிகள் கண்டுபிடித்துக் கொடுத்த வசதி இது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். உண்மை வேறு. இந்த விளக்கு பிறந்தது புகைக்காக. அதை எல்லோருக்கும் பொதுவாக்கியது சட்டம். அந்தச் சட்டத்தின் ஒரு பாதி நம் ஊருக்கு வந்தது, இன்னொரு பாதி வழியில் தங்கிவிட்டது. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

காதால் பார்த்த காலம்

கார்புரேட்டர் காலத்தில் இன்ஜினுக்கு வாய் கிடையாது. மெக்கானிக்குக்குக் காது இருந்தது, மூக்கு இருந்தது. "மிஸ்ஸிங் அடிக்குது", "ஸ்லோ ஸ்பீடு நிக்கல", "பிக்கப் இல்ல" என்று டிரைவர் சொல்வார். மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பார்ப்பார். கரி படிந்து கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம், எண்ணெய் ஈரம் இருந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. அதாவது பிளக்தான் அந்தக் காலத்து ஸ்கேனர். ஒரு ஸ்குரூ டிரைவரை வைத்து கார்புரேட்டரை அரைத் திருப்பு திருப்பி, காதால் கேட்டே சரி செய்வார்கள்.

இந்த வித்தையில் ஒரு நல்ல விஷயம் உண்டு. அது யாருக்கும் சொந்தமில்லை. அம்பாசடரில் கற்றது ஃபியட்டுக்கும் பொருந்தும். சென்னையில் கற்றதை சிவகாசியில் செய்யலாம். கம்பெனியிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு புகை

1943 ஜூலையில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தைத் திடீரென்று ஒரு புகைமூட்டம் சூழ்ந்தது. கண் எரிந்தது, தொண்டை கமறியது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஜப்பான்காரன் விஷவாயு போட்டுவிட்டானோ என்றுகூட மக்கள் பயந்தார்கள். முதலில் ஆலைகள் மேல் பழி விழுந்தது. ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியல் பேராசிரியர் 1950களின் தொடக்கத்தில் விஷயத்தை அவிழ்த்தார். கார் புகையிலிருந்து வரும் ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உருவாக்குகின்றன என்று காட்டினார். லட்சக்கணக்கான கார்கள் ஓடும், வெயில் நன்றாக அடிக்கும் ஊர் அது. வேறென்ன வேண்டும்?

1967ல் கலிபோர்னியா மாநிலம் காற்று வள வாரியம் ஒன்றை அமைத்தது. அதன் முதல் தலைவர் இதே ஹாகன்-ஸ்மிட்தான். 1970ல் அமெரிக்க நாடாளுமன்றம் தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கி, கார் புகையை 90 சதவீதம் குறைக்கச் சொன்னது. கம்பெனிகள் முடியவே முடியாது என்றன. ஆனால் 1975ம் ஆண்டு மாடல்களிலிருந்து கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வந்துவிட்டது. சைலன்சர் வழியில் உட்கார்ந்து, நச்சு வாயுக்களைக் குறைந்த நச்சுள்ளவையாக மாற்றும் பெட்டி அது.

அடுத்து வந்த, மூன்று வாயுக்களையும் ஒரே நேரத்தில் மாற்றும் கன்வர்ட்டருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. 1 கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிலோ காற்று என்ற கலவை விகிதத்தை ஒட்டி இன்ஜின் ஓடினால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். ஸ்குரூ டிரைவரால் அந்தத் துல்லியத்தைப் பிடித்து நிறுத்த முடியாது. எனவே புகைக்குழாயில் ஓர் ஆக்சிஜன் சென்சார், அது சொல்வதைக் கேட்டு நொடிக்குப் பலமுறை பெட்ரோலைக் கூட்டிக் குறைக்க ஒரு கம்ப்யூட்டர். காருக்குள் கம்ப்யூட்டர் பரவலாக வந்ததற்கு முதல் காரணம் இந்தப் புகைதான்.

விளக்கு கண் சிமிட்டியது

கம்ப்யூட்டர் வந்ததும் பட்டறைகளுக்குத் தலைவலி. வண்டி சரியில்லை என்றால் எங்கே கையை வைப்பது? 1981ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் அமெரிக்க கார்களில் பரவலாகக் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தபோது அதற்கு ஒரு வழி வைத்தது. டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் இரண்டு முனைகளை ஒரு சின்னக் கம்பியால் இணைத்தால், செக் இன்ஜின் லைட் கண் சிமிட்டும். ஒரு சிமிட்டல், சின்ன இடைவெளி, இரண்டு சிமிட்டல். அதற்கு 12 என்று அர்த்தம். இன்ஜின் ஓடாதபோது 12 வந்தால் கம்ப்யூட்டர் ஒழுங்காக இருக்கிறது. அதன் பிறகு 44 வந்தால் கலவையில் காற்று அதிகம், 45 வந்தால் பெட்ரோல் அதிகம். தந்தி ஆபீஸ் மாதிரி, விளக்கைப் பார்த்து எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்.

கலிபோர்னியா இதைப் பிடித்துக்கொண்டது. புதிய கார் சோதனைக்கூடத்தில் சுத்தமாக இருக்கிறது, சரி. ஐந்து வருடம் ஓடிய பிறகு? சென்சார் செத்துப்போனாலும் கார் ஓடும், புகை மட்டும் கூடும். ஓட்டுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. எனவே, புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கார் தானே கண்காணித்து, கோளாறு வந்தால் விளக்கு எரியவிட வேண்டும் என்று 1988ம் ஆண்டு மாடல்களிலிருந்து கட்டாயமாக்கியது. இதுதான் ஓபிடியின் (வண்டிக்குள்ளேயே இருக்கும் கோளாறு கண்டறியும் முறை) முதல் கட்டம்.

ஆனால் முதல் கட்டத்தில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு சாக்கெட், ஒவ்வொரு பாஷை. ஃபோர்டு கோட் டொயோட்டாவுக்குப் புரியாது. பத்து கம்பெனி வண்டி வரும் பட்டறையில் பத்து கருவி வேண்டும்.

ஐந்தெழுத்து இலக்கணம்

அந்தக் குழப்பத்துக்கு முடிவுதான் இரண்டாம் கட்டம். கலிபோர்னியாவில் 1994 மாடல்களிலிருந்து படிப்படியாக வந்து, 1996ல் அமெரிக்கா முழுவதும் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது. 16 பின் சாக்கெட் ஒரே வடிவம். ஸ்டியரிங் பக்கத்திலேயே, கருவி எதுவும் இல்லாமல் எட்டக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். கோட்களுக்கும் ஒரே இலக்கணம்.

அந்த இலக்கணத்தைத் தெரிந்துகொள்வது சுலபம். முதல் எழுத்து வண்டியின் எந்தப் பகுதி என்று சொல்லும். இன்ஜினும் கியரும் சேர்ந்த பவர்டிரெயின் என்றால் பி. (பாடிக்கும் ஒரு பி உண்டு, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். இங்கே நான் எழுதுவதெல்லாம் பவர்டிரெயின் பி.) அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோட், 1 என்றால் கம்பெனியின் சொந்தக் கோட். மூன்றாவது இலக்கம் 1 அல்லது 2 என்றால் காற்று-எரிபொருள் விவகாரம், 3 என்றால் தீப்பொறி மற்றும் மிஸ்ஃபயர், 4 என்றால் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள், 7 என்றால் கியர் பாக்ஸ். கடைசி இரண்டும் குறிப்பிட்ட கோளாறு. பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர். நம் ஊர் பாஷையில் "ஒண்ணாம் நம்பர் மிஸ்ஸிங்".

இதைவிட முக்கியமான ஒன்று அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்தின் 1990ம் ஆண்டுத் திருத்தத்தில் இருந்தது. கோளாறைக் கண்டறிந்து பழுது பார்க்கத் தேவையான தகவலை, கார் ரிப்பேர் செய்யும் எவருக்கும் கம்பெனிகள் தர வேண்டும் என்றது அந்தத் திருத்தம். டீலருக்கு மட்டும் அல்ல, எவருக்கும். காரணம் ஏழை மெக்கானிக் மேல் இரக்கம் அல்ல. மூலைமுடுக்கில் உள்ள பட்டறையும் கோட்டைப் படித்தால்தான் புகை குறையும், அவ்வளவுதான். ஐரோப்பாவும் பெட்ரோல் கார்களுக்கு 2000-2001லிருந்தும் டீசல் கார்களுக்கு அடுத்த சில வருடங்களிலும் தன் சொந்த முறையைக் கட்டாயமாக்கியது. நாம் பின்பற்றுவது இந்த ஐரோப்பிய வழியைத்தான்.

டெல்லி புகையும் சிவகாசியும்

நம் நாட்டிலும் கதை புகையிலிருந்துதான் தொடங்குகிறது. லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பதில் டெல்லி. அங்குள்ள காற்று மாசு பற்றி வழக்கறிஞர் எம்.சி.மேத்தா 1985ல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கு பல பத்தாண்டுகள் நடந்தது. 1995 ஏப்ரலிலிருந்து சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கட்டாயம். 1999ல் உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத்துக்கு யூரோ விதிகளை விரைவுபடுத்தியது. 2000ம் ஆண்டு தொடக்கத்தில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நின்றது.

இதே காலத்தில் கார்புரேட்டரும் மெல்ல விடைபெற்றது. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் சான்ட்ரோ 1998ல் எம்பிஎஃப்ஐ இன்ஜினோடு வந்தது. 1983லிருந்து ஓடிய மாருதி 800ம் 2000 வாக்கில் இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது. இந்தக் கார்களில் கம்ப்யூட்டர் உண்டு, விளக்கும் உண்டு. ஆனால் சட்டப்படி வைத்தே ஆக வேண்டிய பொதுவான ஓபிடி இல்லை. கம்பெனிக்குக் கம்பெனி வேறு.

பாரத் ஸ்டேஜ் 4 விதி 2010 ஏப்ரலில் 13 நகரங்களில் வந்தபோதுதான் ஓபிடியும் சட்டமானது. முதல் கட்டம் 2010, இரண்டாம் கட்டம் 2013. அந்த 13ல் தமிழ்நாட்டிலிருந்து சென்னை மட்டும்தான். மதுரையும் இல்லை, விருதுநகரும் இல்லை. புதிய விதிக்கு மாற்றப்படாத மாருதி 800 அந்த நகரங்களில் விற்பனையை நிறுத்திக்கொண்டு, மற்ற ஊர்களில் மட்டும் விற்கப்பட்டது. கந்தகம் குறைந்த பெட்ரோல், டீசல் எல்லா ஊர் பங்குக்கும் வராமல் விதியை மட்டும் கொண்டுவர முடியாது என்பது காரணம்.

நாடு முழுவதற்கும் பிஎஸ் 4 வந்தது 2017 ஏப்ரல் 1. அதற்கு மூன்று நாள் முன்பு, மார்ச் 29ல், பழைய பிஎஸ் 3 வண்டிகளை இனி விற்கவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மார்ச் 30, 31 தேதிகளில் பைக் ஷோரூம்களில் ஆயிரக்கணக்கில் தள்ளுபடி கொடுத்து, கோவில் கூட்டம் மாதிரி கூட்டம் நின்றதைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் இருந்தது இந்தப் புகைக் கதைதான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு தேதி ஒற்றுமை. 2018 அக்டோபர் 23ல் உச்ச நீதிமன்றம் பட்டாசு வழக்கில் தீர்ப்பு சொன்னது. பசுமைப் பட்டாசு மட்டும், தீபாவளிக்கு இரவு 8 முதல் 10 வரை மட்டும், பேரியம் கூடாது என்ற அந்தத் தீர்ப்பு. அதன் பிறகு சிவகாசி வட்டாரத்து ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது உங்களுக்குத் தெரியும். அதற்கு அடுத்த நாள், அக்டோபர் 24ல், அதே நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு, 2020 மார்ச் 31க்குப் பிறகு பிஎஸ் 4 வண்டி விற்கக் கூடாது என்றது. டெல்லியின் ஒரே புகைமூட்டம், இரண்டு நாளில் இரண்டு தொழில்கள். பட்டாசுக்கு வந்தது நமக்கு வலித்தது, வண்டிக்கு வந்தது கவனத்துக்கே வரவில்லை. ஆனால் 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ் 6க்குப் பிறகு பைக், ஸ்கூட்டரில்கூட இன்ஜெக்‌ஷனும் மஞ்சள் விளக்கும் வந்துவிட்டன. திருத்தங்கல் தெருவில் நிற்கும் ஸ்கூட்டருக்குள் இன்று லாஸ் ஏஞ்சல்ஸின் 1943 புகை ஒளிந்திருக்கிறது.

கோட் சொல்வதும் சொல்லாததும்

சரி, விளக்கு எரிந்தது, கோட் வந்தது. அந்தப் பார்ட்டை மாற்றிவிட்டால் வேலை முடிந்ததா? இங்கேதான் காசு போகிறது.

பி0171 என்றால் "கலவையில் காற்று அதிகம்" என்று அர்த்தம். இதை ஆக்சிஜன் சென்சார்தான் கண்டுபிடித்துச் சொல்லும். உடனே சென்சாரையே மாற்றுகிறார்கள்! திருடனைப் பார்த்தேன் என்று சொன்னவனையே பிடித்து உள்ளே போட்ட கதை. நிஜக் காரணம் விரிசல் விட்ட ஒரு வேக்யூம் ஹோஸாக இருக்கலாம், ஏர் ஃப்ளோ சென்சாரில் படிந்த தூசியாக இருக்கலாம், பலம் குறைந்த பெட்ரோல் பம்ப்பாக இருக்கலாம், அடைத்த ஃபில்டராக இருக்கலாம்.

பி0420 என்றால் கன்வர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது. கன்வர்ட்டர் விலையோ பயங்கரம். புதிதாகப் போட்டாலும், அதைக் கெடுத்த மூலக் காரணம் (ஆயில் எரிவது, நாள்பட்ட மிஸ்ஸிங்) அப்படியே இருந்தால், புதியதும் கெடும்.

பி0301க்கு மெக்கானிக்குகள் செய்யும் ஒரு பழைய சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டி என்றால், ஒண்ணாம் சிலிண்டர் காயிலைக் கழற்றி இரண்டில் போடு, இரண்டில் இருந்ததை ஒன்றில் போடு. கோட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பார். இப்போது பி0302 வந்தால் குற்றவாளி காயில், ஏனென்றால் கோளாறு அதனோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது. மறுபடி பி0301 வந்தால் காயில் நிரபராதி. பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று அடுத்ததைப் பார்க்க வேண்டும். பைசா செலவில்லை.

எங்கள் பக்கத்துப் பட்டறை அண்ணாச்சி இதை அழகாகச் சொல்வார். "தம்பி, கோட்ங்கிறது வயிறு வலிக்குதுன்னு அழுகுற பிள்ளை மாதிரி. என்னத்தத் தின்னான்னு நாமதான் விசாரிக்கணும்." கார்புரேட்டர் காலத்துக் காதும் மூக்கும் வீணாகவில்லை, ஸ்கேனருக்குப் பிறகும் விசாரணை அவர்களுடையதுதான்.

இன்னும் சில நடைமுறை விஷயங்கள். விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாகப் பட்டறைக்குப் போகலாம். விட்டுவிட்டுச் சிமிட்டினால் மிஸ்ஃபயர் கன்வர்ட்டரையே எரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டுங்கள். (ஆயில் பிரஷர் விளக்கு, டெம்பரேச்சர் விளக்கு சிவப்பில் எரிந்தால் அது வேறு கதை, உடனே நிறுத்த வேண்டும்.) பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்கிப் பாருங்கள் என்று இணையத்தில் எல்லோரும் சொல்வார்கள். அது டேங்க் ஆவிக் கசிவைக் கண்காணிக்கச் சொல்லும் அமெரிக்க விதிப்படி வந்த யோசனை, இங்குள்ள எல்லா வண்டிக்கும் பொருந்தாது. பழைய கார் வாங்குகிறவர்கள் விளக்கு எரியவில்லை என்று மட்டும் பார்க்காதீர்கள். விற்பதற்கு முன் கோட்டை அழித்திருந்தால், ஸ்கேனரில் சுயசோதனைகள் "முடியவில்லை" என்று காட்டும். துடைத்த கரும்பலகையைப் பார்த்து, பையன் தப்பே எழுதவில்லை என்று நம்பக் கூடாது அல்லவா?

கம்ப்யூட்டரே பொய் சொன்னால்? அதுவும் நடந்தது. 2015 செப்டம்பரில் வெளியான ஃபோக்ஸ்வாகன் டீசல் மோசடியில், சோதனை நடக்கிறது என்று கண்டுகொண்டால் மட்டும் புகையைக் குறைக்கும்படி கார் மென்பொருளையே எழுதியிருந்தார்கள். விளக்கு எரியவே இல்லை. சாட்சிக்குச் சொல்லிக்கொடுத்தவரே குற்றவாளி என்றால் சாட்சி என்ன செய்யும்? மாட்டிக்கொண்டது எப்படி என்றால், மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருவியைக் காரில் ஏற்றி நிஜ ரோட்டில் ஓட்டி அளந்ததால். வெளியாள் பார்க்க முடிந்ததால்.

யார் படிக்கலாம்?

இப்போது எங்கள் பாடத்துக்கு வருகிறேன்.

2011ல் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் இந்தியப் போட்டி ஆணையத்தில் ஒரு புகார் கொடுத்தார். கார் கம்பெனிகள் உதிரிபாகங்களையும், கோளாறு கண்டறியும் கருவிகளையும், தொழில்நுட்பத் தகவல்களையும் தங்கள் டீலர்களுக்கு மட்டும் கொடுத்து வெளிப் பட்டறைகளை ஒதுக்குகின்றன என்பது புகார். மூன்று கம்பெனிகள் மேல் தொடங்கிய விசாரணை மற்ற கம்பெனிகளுக்கும் விரிந்தது.

கம்பெனிகளின் வாதம் இது. கார் சந்தையில் போட்டி இருக்கிறது, பிடிக்காதவர் வேறு கார் வாங்கலாம். கண்டவர் கையில் கருவியைக் கொடுத்தால் பாதுகாப்பு போய்விடும், போலி பாகம் பெருகும், அறிவுசார் சொத்துரிமை பாதிக்கும். இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பிரேக், ஏர்பேக் விஷயத்தில் அரைகுறை வேலை உயிருக்கு ஆபத்து.

ஆணையம் வேறு விதமாகப் பார்த்தது. காரை வாங்குகிற வரைதான் வாடிக்கையாளர் ராஜா. வாங்கிய பிறகு அந்தக் கம்பெனி பாகமும் கருவியும் அவருக்கு வேறு எங்கும் கிடைக்காது. எனவே ஒவ்வொரு கம்பெனியும் தன் காரின் உதிரிபாகச் சந்தையில் ஆதிக்க நிலையில் இருக்கிறது, அதைத் தவறாகப் பயன்படுத்துகிறது என்று 2014 ஆகஸ்ட் 25ல் தீர்ப்பளித்தது. 2002ம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3, 4ம் பிரிவுகள் (ஆமாம், நாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் அதே பிரிவுகள்தான்). 14 கம்பெனிகளுக்குச் சேர்த்து சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம். டாடா மோட்டார்ஸுக்கு மட்டும் சுமார் 1,346 கோடி, மாருதிக்கு சுமார் 471 கோடி. பணத்தை விட முக்கியம், பாகங்களையும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்ற உத்தரவு. 2015 ஜூலையில் ஹூண்டாய்க்குத் தனியாக சுமார் 420 கோடி.

கம்பெனிகள் மேல்முறையீடு போயின. டொயோட்டா, ஃபோர்டு, நிசான் வழக்கில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் ஆணையத்தின் முடிவை ஏற்றது. ஆனால் அபராதத்தை மொத்த விற்றுமுதலில் அல்ல, பாகங்கள் மற்றும் சர்வீஸ் வருமானத்தில் மட்டும் கணக்கிடச் சொல்லிக் குறைத்தது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை "பழுதுபார்க்கும் உரிமை" பற்றி ஒரு குழு அமைத்தது, அதே டிசம்பரில் ஓர் இணையதளமும் தொடங்கியது. மோட்டார் வாகனமும் அதில் ஒரு துறை.

நடைமுறையில் என்ன நிலை? சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும் புளூடூத் கருவியை 16 பின் சாக்கெட்டில் செருகினால், பொதுவான இன்ஜின் கோட்களை போனிலேயே படிக்கலாம். இது புகைச் சட்டம் கொடுத்த பாதி. ஆனால் கம்பெனியின் சொந்தக் கோட்கள், ஏபிஎஸ், ஏர்பேக், புதிய சாவியைப் பதிவு செய்வது, புதிய பாகத்தைக் கம்ப்யூட்டருக்கு அறிமுகப்படுத்துவது போன்ற பல வேலைகளுக்குக் கம்பெனியின் மென்பொருளோ விலை உயர்ந்த கருவியோ வேண்டும். அந்தப் பாதி இன்னும் வந்து சேரவில்லை. அமெரிக்காவில் புகைச் சட்டமே "எவருக்கும்" என்று சொன்னது. நாம் விளக்கை மோட்டார் வாகன விதியில் வாங்கிக்கொண்டு, "எவருக்கும்" என்ற சொல்லுக்காக வேறொரு சட்டத்தின் கீழ் வருடக்கணக்கில் வழக்கு நடத்த வேண்டியிருந்தது.

இது பட்டறைக்காரர் பிரச்சினை மட்டும் அல்ல. சிவகாசியிலிருந்து காலண்டரும் தீப்பெட்டியும் ஏற்றிப் போகும் ஒரு சின்ன லோடு வேன், விளக்கு எரிந்ததற்காக மதுரைக்கு இழுத்துக்கொண்டு போகப்பட்டால், அன்றைய வாடகை போச்சு. டியூ கட்டும் தேதி மட்டும் தள்ளிப் போகாது. பக்கத்துப் பட்டறையால் படிக்க முடியாத கோட்டுக்கு, வண்டி வைத்திருப்பவர்தான் விலை கொடுக்கிறார். விலை கொடுக்க முடியாதவர் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு ஓட்டுகிறார். புகை குறையட்டும் என்று வைத்த விளக்கு, எரிந்தும் புகை குறையாமல் போவது இப்படித்தான்.

எனவே அடுத்த முறை அந்த விளக்கு எரிந்தால் இரண்டு விஷயம் செய்யுங்கள். ஒன்று, எந்த பாகத்தை மாற்றச் சொன்னாலும் கோட் என்ன என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, அந்தக் கோட்டிலிருந்து இந்த பாகத்துக்கு எப்படி வந்தீர்கள் அண்ணாச்சி என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் சந்தோஷமாகச் சொல்வார்.

உங்கள் ஊர்ப் பட்டறைக்கு முதல் ஸ்கேனர் எந்த வருடம் வந்தது, யார் வாங்கினார்கள் என்று தெரிந்தால் சொல்லுங்கள். அந்த வரலாற்றை இதுவரை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.